மேக்கொங் நதியும் அதை ஆராய்ந்தவர்களும்

திபெத்தின் பனிமலைகளில் பிறந்து, சீனம், பர்மா, லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய ஆறு தேசங்களைத் தொட்டுக் கடலில் கலக்கும் மேக்கொங் நதியின் படுகை, ஏறக்குறைய 8 லட்சம் சதுர கிலோமீட்டர் வியாபித்திருப்பது. இத்தனை பெரிய பிரதேசத்தை அரசியல் எல்லைகள் குறுக்கிடாமல் ஒரே ஜீவனாகப் பாவித்து ஆராய வேண்டும் என்ற எண்ணம், கீழ்ப்படுகை நாடுகள் நான்கும் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் ஆதரவில் 1957இல் மேக்கொங் குழுவை அமைத்தபோது உருப்பெற்றது. அக்குழுவின் நாட்டமெல்லாம் அன்று அணைகளிலும் மின்சாரத்திலுமே இருந்தது. ஆனால் அதன் வழிவந்த ஆராய்ச்சியே பின்னாளில் அணைகளின் பிரயோஜனத்தை ஐயுறச் செய்யும் சான்றுகளைத் திரட்டிற்று.

அவ்வாராய்ச்சியின் சிறப்பைக் காண விரும்புவோர் கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியை நோக்க வேண்டும். கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும் அந்த ஏரி, பருவமழையில் மேக்கொங் பெருகும்போது, தன்னிலிருந்து வடியும் ஆறே திசை திரும்பி எதிரேறிப் பாய்வதால், நான்கைந்து மடங்கு விரிந்து சுற்றிலுமுள்ள காட்டைத் தன்னுள் அடக்கிக் கொள்கிறது. மூழ்கிய காட்டில் இரைதேடிக் கொழுத்த மீன்கள், வெள்ளம் வடிகையில் அதே ஆற்றின் வழியே பெருநதிக்குத் திரும்புகின்றன. புனோம் பென் நகரத்தருகே, அவை இறங்கி வரும் மாதங்களில், ஆற்றின் குறுக்கே வரிசை வரிசையாக நங்கூரமிட்டு நீண்ட பைவலைகளைக் கட்டுவார்கள். அவற்றுக்கு டை என்று பெயர். பௌர்ணமிக்கு முந்திய சில நாட்களில் வலையின் வால்முனையைத் தூக்கி அவிழ்த்தால், சிறிய வெள்ளிநிற மீன்கள் குவியல் குவியலாகக் கொட்டும். அந்த வலைகளின் அருகிலேயே இருந்து, எடை, இனம், நீளம் என்று 1990களின் நடுவிலிருந்து பருவந்தோறும் குறித்து வந்த ஆராய்ச்சியாளர்களின் பொறுமை வணங்கத்தக்கது. வெள்ளம் உயர்ந்து நெடுநாள் நின்ற ஆண்டுகளில் பிடிப்பும் உயர்வதை அவர்கள் எண்ணிக்கையாகக் காட்டியதால்தான், வெள்ளம் என்றால் சேதம் என்றே பழகிய பொறியியல் நிபுணர்கள், லட்சக்கணக்கான ஏழைகளின் சோற்றுக்கு உடன்வரும் மீன் அந்த வெள்ளத்தின் கொடை என்பதை மறுக்க முடியாமற் போயிற்று.

ஆற்றை ஒன்றாகக் காணும் இந்த அறிவு, ஆற்றைத் துண்டாக்கி ஆளும் சட்டத்தின் முன் எப்படிச் செயலற்றுப் போகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேக்கொங் குழுவின் இடத்தில் மேக்கொங் ஆணையத்தை நிறுவிக் கீழ்ப்படுகை நாடுகள் நான்கும் 1995இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பிரதான நதியில் எழும் அணைக்கு அண்டை நாடுகளின் ஆலோசனை வேண்டும். கிளையாற்றில் எழுவதற்கு ஓர் அறிவிப்பே போதும். மீனுக்கோ இந்தப் பேதம் தெரியாது. கிளையாறுகளில் உத்தேசிக்கப்பட்ட அணைகளை ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வொன்று, கம்போடியாவில் எழவிருந்த கீழ் செசான் 2 என்னும் ஓர் அணையால் மட்டுமே படுகை முழுவதிலும் மீன்வளம் நூற்றுக்கு 9.3 பங்கு குறையும் என்று கணக்கிட்டது. முடிவு கையில் இருந்தும் அணை எழுந்தது; 2017இல் கதவுகள் அடைபட்டன.

குறை சட்டத்தோடு நின்றுவிடவில்லை, ஆராய்ச்சியிலும் உண்டு. கட்டலாமா என்ற கேள்வியை அதிகாரிகளிடம் விட்டுவிட்டு, கட்டிய பின் தீங்கைத் தணிப்பது எப்படி என்ற கேள்வியை மட்டும் நிபுணர்கள் ஏற்றுக்கொண்டதே என் அபிப்பிராயத்தில் இதன் தலையாய பிழை. தாய்லாந்தில் மூன் நதி மேக்கொங்கோடு கூடுமிடத்தருகே 1994இல் முடிந்த பாக் மூன் அணைக்கு மீன் ஏணி ஒன்று அமைத்தார்கள். மீன்களில் மிகச் சிலவே அதில் ஏறின. பாறைத்துறைகளை நம்பி வாழ்ந்த இனங்களில் 50க்குக் குறையாமல் மறைந்துபோயின என்று உலக அணைகள் ஆணையம் 2000இல் கண்டது. மறு ஆண்டு, மக்களின் நெடும் போராட்டத்துக்குப் பிறகு, மதகுகள் திறக்கப்பட்டபோது, கரையோரக் கிராமத்தார் தாமே ஆராய்ச்சியாளராகி, எந்த மடுவில் எந்த மீன் எப்போது வருகிறது, அதை எந்த வலையால் பிடிப்பது என்பதையெல்லாம் எழுதி வைத்து, 156 இனங்கள் திரும்பியிருப்பதைப் பதிவு செய்தார்கள். மீனின் எடையை மட்டும் கூட்டிப் பார்க்கும் கணக்கு, எந்த வீட்டின் ஜீவனம் போயிற்று என்பதைச் சொல்லாது. மடுவின் பெயரையும் மீனின் பெயரையும் சேர்த்துச் சொன்ன அந்த ஏடுகள் அதைச் சொல்லின. ஒரு கிராமத்தின் நினைவை நெடுந்தூரத்துக்கு விரிக்க முடியாது என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் அந்த நினைவை அணைக்கு முன்பே கேட்டிருந்தால், ஏணியை நம்பியிருக்க மாட்டார்கள்.

பிரதான நதியின் அணைகளைப் பத்து ஆண்டுகள் ஒத்திவையுங்கள் என்று, மேக்கொங் ஆணையத்துக்காகவே செய்யப்பட்ட விரிவான மதிப்பீடு 2010இல் பரிந்துரைத்தது. லாவோஸ் அதைப் பொருட்படுத்தாமல் சயாபுரி அணையைத் தொடங்கி, 2019இல் 1,285 மெகாவாட் நிலையமாக இயக்கியது. கம்போடியாவோ தன் எல்லைக்குள் பிரதான நதியில் பத்தாண்டுகளுக்கு அணை கட்டுவதில்லை என்று 2020இல் அறிவித்தது. அதற்குள் கீழ் செசான் 2இன் கதவுகள் அடைபட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தன.