பாட்டி எந்தக் கப்பலில் வந்தாள்?

தூத்துக்குடி நண்பனின் குடும்பப் பெயர் பெர்னாண்டோ. என்னோடு வேலை பார்க்கும் யூரேசியத் தோழியின் குடும்பப் பெயர் பெர்னாண்டிஸ். சிராங்கூன் சாலையில் தோசை சாப்பிடும்போது இருவரையும் அறிமுகப்படுத்திவைத்தேன். "அப்போ நாம சொந்தமா?" என்றாள் அவள். "சொந்தமெல்லாம் இல்லீங்க. ஞானஸ்நானத்தப்போ பாதிரியாருங்க வச்ச பேரு" என்று அவன் சிரித்தான்.

அவன் சொன்னது சரி. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் பெருங்கூட்டமாக மதம் மாறியபோது போர்த்துகீசியப் பெயர்களையும் ஏற்றார்கள். மலாக்காவில் நடந்தது வேறு. 1511இல் அதைப் பிடித்த அல்புகெர்க், தன் ஆட்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்குவதை ஊக்குவித்தார். அப்படி உருவான குடும்பங்களின் வழிவந்தவர்கள்தான் கிறிஸ்தாங் பேசும் யூரேசியர்கள். அவர்களில் பலர் பின்னர் சிங்கப்பூருக்கு வந்தார்கள். பெயர் ஒன்றுபோல இருக்கிறது, வரலாறு ஒன்றில்லை. சன்னல், அலமாரி, சாவி எல்லாம்கூட போர்த்துகீசியச் சொற்கள்தான். அதற்காக நாம் லிஸ்பனில் தாத்தாவைத் தேடுகிறோமா என்ன?

அன்றிரவு ரெக்ஸ் ஷெல்லியின் 'தி ஷ்ரிம்ப் பீப்பிள்' நாவலைத் திரும்ப எடுத்தேன். 1991இல் வந்தது. போர்த்துகீசிய வழி யூரேசியர்களின் கதையை எழுதியவருக்கு ஆங்கிலேயக் குடும்பப் பெயர்! பெயரை நம்பித் தேடினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு அவரே சாட்சி. நாவலின் தலைப்பு ஒரு கேலிப் பெயர். மலாக்காக் கரையோரம் வலை தள்ளி 'கெராகாவ்' என்ற பொடி இறாலைப் பிடித்தவர்கள் என்பதால் மற்றவர்கள் இவர்களை 'கிராகோ' என்று நக்கலடித்தார்கள். ஷெல்லி அந்த நக்கலையே அட்டையில் போட்டார்.

மையப் பாத்திரம் பெர்த்தா ரோட்ரிகஸ் என்ற பெண். 1963-66 இந்தோனேசிய மோதல் காலத்து அரசியல் உள்ளே வந்ததும் கதை வேகமெடுக்கிறது. எனக்கென்னவோ அந்த வேகத்தைவிட, ஆங்கிலத்தில் மலாய் கலந்து அவர்கள் பேசிக்கொள்ளும் பக்கங்கள்தான் பிடித்தன. அரசியல் பரபரப்பை வேறு நாவல்களிலும் படித்துவிடலாம். இந்தப் பேச்சு இங்கேதான் கிடைக்கும். ஒரு குடும்பத்தில் யாரெல்லாம் கலந்திருக்கிறார்கள் என்பதைக் குடும்பப் பெயர் மறைத்துவிடும், பேச்சு காட்டிக்கொடுத்துவிடும்.

குடும்பப் பெயர் அப்பாவின் கோடு. ரோட்ரிகஸைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் ஒரு கப்பல்காரன் கிடைப்பான்; அவனை மணந்தவள் கிடைக்கமாட்டாள். சமூகத்தின் முகம், சமையல், பேச்சு எல்லாவற்றிலும் பாதிக்குமேல் அவள் தந்தது. சிங்கப்பூரில் பிள்ளையின் அடையாள அட்டையில் பெற்றோர் இருவரின் இனத்தையும் சேர்த்துப் பதிய 2011இல்தான் வழி பிறந்தது. ஷெல்லி அதற்கு இருபது வருடம் முன்னாலேயே ஒரு சமூகத்தின் கதையை ஒரு பெண்ணை நடுவில் வைத்துச் சொல்லிவிட்டார். இந்த நாவலை நாம் படிக்கவேண்டியது அதற்காகத்தான்.

சரி, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். பாட்டி எப்போது வந்தாள் என்று கேட்டால், "அவுங்க அப்புறமா வந்தாங்க" என்பதோடு முடிந்துவிடும். எந்தக் கப்பல், யாரோடு, கையில் என்ன இருந்தது? யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

பாட்டி இப்போது இல்லை. அம்மாவிடம் கேட்க ஆரம்பித்திருக்கிறேன்.