பூனையின் வெள்ளை வயிறும் மர்ரேயின் சமன்பாடும்

பொன்னேரிக்கு மேற்கே, ஆரணியாற்றின் கரையில் ஆரணி என்றொரு சிறிய பேரூர் உள்ளது. (திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி வேறு.) மீன் விற்கும் எந்த ஊரையும் போல அங்கும் கறுப்பு வெள்ளைப் பூனைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் பத்துப் பூனைகளைப் பார்த்து, மாணவர்கள் தாளில் வரைந்து ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். எந்த இரண்டும் ஒன்றுபோல் இரா. ஆயினும் வெள்ளை நிறம் பெரும்பாலும் பாதங்கள், வயிறு, மார்பு, மோவாய் ஆகிய இடங்களிலேயே இருக்கும். கறுப்போ முதுகிலும் உச்சந்தலையிலும் வாலிலும் இருக்கும். முதுகு வெளுத்து வயிறு கறுத்த பூனையைக் காண்பது அரிது. ஆக, ஒழுங்கும் ஒழுங்கின்மையும் ஒரே தோலில் கலந்து கிடக்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்து விளக்காத கொள்கை, பூனையை விளக்கியதாகாது.

இந்த அளவுகோலைக் கொண்டு ஒரு புகழ்பெற்ற கட்டுரையை மதிப்பிட விரும்புகிறேன். கணித உயிரியல் அறிஞர் ஜேம்ஸ் மர்ரே, 1988 மார்ச்சில் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழில் சிறுத்தைக்குப் புள்ளிகள் வந்த விதத்தைப் பற்றி எழுதியது அது. விலங்குகளின் நிறக்கோலங்களைப் பற்றிப் பொதுமக்களுக்காக எழுதப்படும் நூல்களில் அதன் சாயலை இன்றும் காணலாம்.

மர்ரேயின் கருத்துக்கு மூலம் ஆலன் டூரிங் 1952இல் வெளியிட்ட ஆய்வு. கருவின் தோலில் இரண்டு வேதிப்பொருள்கள் பரவுகின்றன எனக் கொள்வோம். ஒன்று தன்னையும் பெருக்கி மற்றதையும் பெருக்குவது. மற்றது அதனைத் தடுப்பது. தடுப்பது விரைவாகப் பரவினால், சீராக இருந்த பரப்பில் தானாகவே மேடும் பள்ளமும் தோன்றும். மேடுள்ள இடத்தில் கருநிறம், பள்ளமுள்ள இடத்தில் வெளிர்நிறம். தோற்பரப்பின் அளவும் வடிவமும் மாறினால் கோலமும் மாறும். இதிலிருந்து மர்ரே அழகானதொரு முடிவைப் பெற்றார்: புள்ளியுள்ள விலங்குக்கு வரியுள்ள வால் இருக்கலாம், வரியுள்ள விலங்குக்குப் புள்ளியுள்ள வால் இராது. மெல்லிய வாலில் புள்ளிகளுக்கு இடமில்லை, வளையங்களே அமையும். யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று இது. கட்டுரையின் சிறந்த பகுதி இதுவே என்பேன்.

குறை எங்கே என்றால், ஆட்டில். சுவிட்சர்லாந்தின் வாலே பகுதியில் முன்பாதி கறுப்பாகவும் பின்பாதி வெள்ளையாகவும் உள்ள ஆடுகள் உண்டு. சமன்பாடு தரும் மிக எளிய கோலத்துக்கு எடுத்துக்காட்டாக மர்ரே அவற்றைக் காட்டுகிறார். இடையில் வெள்ளைப் பட்டை கட்டிய காலோவே மாடு அடுத்த படி. படம் பொருந்துகிறது, காரணம் பொருந்துகிறதா? சிறுத்தையின் தோலில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையிலும் நிறமிச் செல்கள் உண்டு; அவை வேறு நிறத்தைச் செய்கின்றன. பூனையின் வெள்ளை வயிற்றிலோ நிறமிச் செல்களே இல்லை. ஒரே கடையில் இரண்டு சாயங்கள் விற்பது வேறு, கடையே திறக்காதது வேறு அல்லவா?

அச்செல்கள் கருவின் முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முகட்டில் பிறந்து, பக்கவாட்டில் இறங்கிப் பரவுகின்றன. வயிறும் பாதமும் பயணத்தின் கடைக்கோடி. அங்கே வெள்ளை நிறம் அமைவதில் வியப்பில்லை. 2014இல் பூனையின் ‘கிட்’ என்னும் ஜீனுக்குள் பழைய வைரஸ் ஒன்றின் எச்சம், 7,000க்கு மேற்பட்ட எழுத்துகளாகச் செருகப்பட்டிருப்பதைக் கண்டறிந்தனர். வெள்ளைத் திட்டுகளுக்குக் காரணம் அதுவே. முழு வெள்ளைப் பூனைகளில் அவ்வெச்சத்தின் ஒரு துண்டு மட்டும் இருக்கிறது. வெள்ளை உடலும் நீலக் கண்களும் உள்ள பூனைகள் செவிடாக இருப்பதை டார்வினே குறிப்பிட்டிருக்கிறார். உட்செவி வேலை செய்வதற்கும் நிறமிச் செல்கள் தேவை. அவை அங்கும் போய்ச் சேராததால் காது கேட்பதில்லை. தோலில் வண்ணம் தீட்டும் சமன்பாடு ஒன்று, செவிட்டுத் தன்மையை எவ்வாறு விளக்கும்?

எனினும் செல்கள் மெதுவாக நடந்ததால் வயிற்றை எட்டவில்லை என்ற பழைய விளக்கமும் அப்படியே நிற்கவில்லை. 2016இல் ரிச்சர்டு மோர்ட், கிறிஸ்டியன் யேட்ஸ், இயான் ஜாக்சன் முதலியோர் சுண்டெலிக் கருவின் தோலில் இச்செல்களை உயிரோடு கண்காணித்தனர். அவை குறிப்பிட்ட திசையை நோக்கிச் செல்லவில்லை; திருவிழாவில் வழி தவறிய சிறுவனைப் போல அங்குமிங்கும் அலைந்தன. ‘கிட்’ ஜீன் பழுதான எலிகளிலும் அலையும் வேகம் குறையவில்லை. பெருகும் வேகமே குறைந்திருந்தது. வளரும் தோலை நிரப்ப ஆள் போதவில்லை! அலைச்சல் தற்செயலானது என்பதால் இரண்டு பூனைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. புறப்படும் இடம் முதுகு என்பதால் வெள்ளை கீழே தங்குகிறது. நம் அளவுகோலின் இரு முனைகளும் இதில் பொருந்துகின்றன.

அப்படியானால் மர்ரே தோற்றாரா? வரிப்பூனையைக் கேட்டால் இல்லை என்னும். அதன் கருத்தோலில் மயிர்க்கால்கள் தோன்றுமுன்பே ‘டிகேகே4’ என்ற ஜீனின் செயல் வரிவரியாக அமைகிறது என்பது 2021இல் தெரிந்தது. டூரிங் எண்ணிய தடுப்புப் பொருளின் இலக்கணம் அதற்குப் பொருந்துகிறது. அவ்வரிகளின் வடிவத்தை மாற்றும் வேறொரு ஜீன் ‘டாக்பெப்’. ஒடிசாவின் சிமிலிபால் காட்டிலும் நம் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் உள்ள கறும்புலிகளில், வரிகள் அகன்று ஒன்றோடொன்று கலந்திருப்பது அதன் மாற்றத்தால்தான் என்று உமா ராமகிருஷ்ணன் குழுவினர் அதே 2021இல் காட்டினர். வரிப்பூனையின் கோடுகள் சுழிகளாக மாறுவதும் இதே ஜீனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை. ஆரணிப் பூனையின் கறுப்புப் பகுதியைக் காலை வெயிலில் உற்று நோக்குங்கள். குட்டியாயின் இன்னும் நல்லது. கறுப்புக்குள் மங்கலான வரிகள் தெரியக்கூடும். வரி டூரிங்கின் வழியில் வந்தது. பக்கத்திலுள்ள வெள்ளை, ஆள் குறைவால் வந்தது. ஒரே பூனையில் இரண்டு கதைகள்! 1988இல் இவை தெரியாததற்கு மர்ரேயைக் குறை கூற முடியாது. இன்றும் ஆட்டையும் சிறுத்தையையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, ஒரே சமன்பாட்டின் பிள்ளைகள் என்று எழுதுவோரைக் கூறலாம்.

புதிய ஆய்வுக்கும் என் பாராட்டு முழுமையானதன்று. அது பார்த்தது எலியை. தவிர, பல பூனைகளின் முகத்தில் வெள்ளை நிறம் தலைகீழான ‘வி’ எழுத்தைப் போல் இருபுறமும் ஏறக்குறைய ஒத்து இறங்குகிறது. திசையின்றி அலையும் செல்கள் மூக்கின் இரு பக்கமும் இவ்வளவு நேர்த்தியாக நின்றுவிடுவது எப்படி என்பதற்கு அந்தச் சுண்டெலித் தோல் இன்னும் விடை கூறவில்லை.