நாளைக்கு ஒரு தடவை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அந்த உலகத்தில் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடையை உருட்டுவார்கள். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் ஒரு விநோதமான விதி இருந்தது. முதல் நிலை மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு மந்திரம். போட்டு முடித்ததும் அது மறந்துபோகும். மறுநாள் புத்தகத்தைத் திறந்து திரும்பப் படிக்கணும்.

அன்றிலிருந்து இந்த விதியைத் திட்டிக்கொண்டேதான் ஆடுகிறார்கள். நான் விதியின் கட்சி. ஆனால் அதில் பாதிதான் விதிநூலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மறுபாதி, பாத்திரங்கள் தூங்கும் அந்த ராத்திரியில் இருக்கிறது.

விதியின் மூலம் ஜாக் வான்ஸ் 1950-இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' கதைகள். அதில் வரும் மஸிரியன் என்ற மந்திரவாதி எவ்வளவு பயிற்சி செய்தாலும் ஒரு சில மந்திரங்களைத்தான் ஒரே சமயத்தில் மண்டைக்குள் வைத்திருக்க முடியும். ஒரு பெண்ணைத் துரத்திக் காட்டுக்குள் போகிறவன் வழியில் ஒவ்வொன்றாகச் செலவழித்து, கடைசியில் வெறுங்கையோடு நிற்கிறான். நடுவில் வீட்டுக்குத் திரும்பி, தூங்கி எழுந்து, மறுபடி நிரப்பிக்கொண்டு வர அவனுக்கு வழியில்லை. கதையின் பயமே அதுதான்.

ஆட்டத்தில் அந்த வழி இருக்கிறது. முதல் சண்டையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கதவைச் சாத்தித் தூங்கிவிடலாம். காலையில் எல்லாம் நிரம்பியிருக்கும். இதற்கு ஆட்டக்காரர்கள் வைத்த கேலிப்பெயர் '15 நிமிட நாள்'. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை. நள்ளிரவில் கோட்டா ரீசெட் ஆகும் என்று தெரிந்தால், எல்லாரும் தங்கள் வேலையை 12:01-க்குத்தான் ஷெட்யூல் செய்வார்கள்.

2008-இல் வந்த நான்காம் பதிப்பு ஒரு துணிச்சலான காரியம் செய்தது. மந்திரவாதிக்கு மட்டுமல்ல, வாள் பிடித்த ஃபைட்டருக்கும் நாளைக்கு ஒரு தடவை மட்டும் செய்யக்கூடிய வித்தைகளைக் கொடுத்தது. முதல் நிலையிலேயே 'ப்ரூட் ஸ்ட்ரைக்' என்று ஒன்று. பெரிய வீச்சு, பெரிய காயம். உடனே கேள்வி கிளம்பியது: ஓங்கி ஒரு போடு போட நாளைக்கு ஒரு தடவைதான் முடியுமா? கை மறந்துபோகுமா என்ன?

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மந்திரவாதியின் எண்ணிக்கைக்குப் பின்னால் மறதி என்ற கதை இருந்தது. ஃபைட்டருக்கு எண்ணிக்கை மட்டும்தான் கிடைத்தது. ஆனால் மறுபாதியை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதுவரை 'இப்போ போடவா, வெச்சுக்கவா?' என்ற தவிப்பு பெரும்பாலும் மந்திரம் போடுபவர்களின் சொத்தாகவே இருந்தது. ஃபைட்டராக ஆடுபவர் வெட்டிக்கொண்டே இருப்பார். நான்காம் பதிப்பு அந்தத் தவிப்பை எல்லாருக்கும் பங்கு வைத்தது. எனக்கு இது பெரிய விஷயம்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஒரு மணி நேரக் குறு ஓய்வு, எட்டு மணி நேர நெடு ஓய்வு என்று பிரித்தது. அதன் நடத்துநர் கையேடு, ஒரு குழு ஒரே நாளில் சுமாராக ஆறிலிருந்து எட்டு மோதல்களைத் தாங்கும் என்கிறது. இதை ஒரு ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் படிக்கிறேன். நாள் நீளமாக இருந்தால்தான் வரம்புக்கு மதிப்பு.

மூன்றாம் பதிப்பின் ஜொனாதன் ட்வீட்டும் நான்காம் பதிப்பின் ராப் ஹைன்ஸூவும் சேர்ந்து 2013-இல் கொண்டுவந்த '13த் ஏஜ்' இதை வெளிப்படையாகவே எழுதிவிட்டது. நாலு சண்டை முடிந்தால் எல்லாம் நிரம்பும். எத்தனை ராத்திரி கழிந்தது என்பது கணக்கில் இல்லை. முன்னாடியே நிரப்பிக்கொள்ள வேண்டுமா? கதையில் ஏதாவது ஒன்றை இழக்கணும். நேர்மையான விதி. ஆனால் தூக்கம் இதில் வெறும் ஒப்பனை ஆகிவிடுகிறது. எனக்கு அதில் சம்மதமில்லை.

காரணம் கர்ணன். இந்திரன் தந்த சக்தி ஆயுதம் ஒரே ஒரு தடவைக்கானது. அர்ஜுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தான். குருக்ஷேத்திரத்தில் சூரியன் சாய்ந்தால் போர் நிற்க வேண்டும். பதினான்காம் நாள் நிற்கவில்லை. இருட்டில் பலம் கூடும் கடோத்கசன் கௌரவ சேனையைத் துவம்சம் செய்கிறான். எல்லாரும் கதற, கர்ணன் அதை அவன்மேல் எறிந்துவிடுகிறான். அர்ஜுனன் பிழைத்ததற்கு ஒரு காரணம், அன்றைக்கு ராத்திரி ஓய்வு கிடைக்கவில்லை என்பது.

ஆட்டம் நடத்துபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தூங்காதே என்று தடுக்க வேண்டாம். தாராளமாகத் தூங்கட்டும். அந்த எட்டு மணி நேரத்தில் கீழ்த்தளத்துச் சிறையில் இருக்கும் பையனுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும், அவர்கள் படுக்கையை விரிப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்து வைத்திருங்கள். பையன் அங்கே இருப்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கணும். அப்புறம் பாருங்கள், மிச்சமிருக்கும் அந்த ஒரு மந்திரத்தை எவ்வளவு நேரம் யோசித்து எடுக்கிறார்கள் என்று.