சவன்னாவும் காடும்: நிலவகைச் சொல்லாக்கம் பற்றி ஒரு திறனாய்வு

உலகின் தட்பவெப்ப வகைகளையும் சூழல் தொகுதிகளையும் பற்றித் தமிழில் எழுதுவோர் கையாளும் கலைச்சொற்களுள் சில ஒலிபெயர்ப்பாக வந்தவை. சில மொழிபெயர்ப்பாக அமைந்தவை. தூந்திரா, தைகா, பம்பாசு என்பன முதல் வகை. மழைக்காடு, பாலைவனம், புல்வெளி என்பன இரண்டாம் வகை. முதல் வகைச் சொற்கள் பொருள் விளங்காதவை என்றும் இரண்டாம் வகைச் சொற்கள் எளிதில் விளங்குவன என்றும் கருதுவது வழக்கம். எளிதில் விளங்கும் சொல் பிழையாகவும் விளங்கக்கூடும் என்பதைச் 'சவன்னா' என்னும் ஒரு சொல்லைக் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1900ஆம் ஆண்டில் விளாதிமிர் கோப்பென் வெளியிட்டுப் பின்னர்த் திருத்தி வந்த தட்பவெப்பப் பகுப்பு, தாவரங்களின் பரவலை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி, மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி வெப்பநிலை 18 பாகை செல்சியசுக்குக் குறையாத ஈர நிலங்கள் வெப்பமண்டல வகையில் அடங்கும். அவற்றுள் எல்லா மாதங்களிலும் போதிய மழை பெறுவது மழைக்காட்டுத் தட்பவெப்பம். தெளிவான வறட்சிப் பருவம் உடையது சவன்னாத் தட்பவெப்பம். இந்தியத் தீபகற்பத்தின் உட்பகுதியில் பெரும்பாலானவை இச்சவன்னா வகையிலோ, அதனினும் வறண்ட அரைப்பாலை வகையிலோ அடங்குகின்றன. எனவே சவன்னா என்பது ஆப்பிரிக்காவுக்கு மட்டுமே உரிய, நமக்குப் புறம்பான பொருளன்று.

இச்சொல் கரீபியத் தீவுகளின் தைனோ மொழியிலிருந்து இசுப்பானிய மொழிக்கு வந்தது. 1535இல் ஒவியேதோ எழுதிய வரலாற்றில் அது மரமற்ற புல்நிலத்தைக் குறித்தது. பிற்காலத்தில் புல்லும் மரமும் கலந்த நிலத்தைக் குறிக்கலாயிற்று. இன்றைய சூழலியலார் கருத்தில், தொடர்ச்சியான புல்தரையும் அதன்மேல் இடைவிட்டு நிற்கும் மரங்களும் கொண்டது சவன்னா. அதன் புற்கள் பெரும்பாலும் 'சி-4' என்னும் ஒளிச்சேர்க்கை முறையுடையவை. நிழலில் வாழ இயலாதவை. மரங்கள் தடித்த பட்டையுடையவை. தீயில் கருகினாலும் அடியிலிருந்து மீண்டும் தழைப்பவை. பருவமழையோடு தீயும் மேய்ச்சலும் சேர்ந்தே இந்நிலத்தை நிலைநிறுத்துகின்றன. ஒரே மழையளவு பெறும் இரண்டு இடங்களில் ஒன்று காடாகவும் மற்றொன்று சவன்னாவாகவும் இருத்தல் கூடும்.

இனித் தமிழாக்கங்களைக் காண்போம். 'வெப்பமண்டலப் புல்வெளி' என்பது பரவலாக வழங்குவது. இது மரத்தை விட்டுவிடுகிறது. 1535ஆம் ஆண்டின் பொருளுக்குப் பொருந்துமேயன்றி இன்றைய வரையறைக்குப் பொருந்தாது. 'திறந்தவெளிக் காடு', 'சிதைந்த காடு' என்னும் தொடர்கள் மற்றொரு வகை. இவை புல்லை விட்டுவிடுகின்றன. காடாக இருந்திருக்க வேண்டிய நிலம் குறைபட்டு நிற்பதாகப் பொருள் தருகின்றன.

இக்குறையை மொழிபெயர்ப்பாளர் மீது மட்டும் சுமத்துதல் முறையன்று. இந்தியக் காட்டு வகைகளைப் பற்றிச் சாம்பியன் 1936இலும், சாம்பியனும் சேத்தும் 1968இலும் வகுத்த பகுப்பிலேயே உலர் சவன்னாவும் உலர் புல்நிலமும் காட்டின் சிதைவு நிலைகளாக இடம்பெற்றன. காட்டையும் சவன்னாவையும் பிரித்தறிய மரங்களின் எண்ணிக்கை உதவாது, அடித்தளத்தில் உள்ள புல்லையே நோக்க வேண்டும் என்று ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் உள்ளிட்டோர் 2011இல் எழுதினர். மூலநூலின் கருத்தை மாற்ற மொழிபெயர்ப்பாளருக்கு உரிமையில்லை. ஆயினும், ஒரு கொள்கையின் முடிபைச் சொல்லின் பொருளாகவே உறையச் செய்யாதிருக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு.

இத்தகைய பொருள் மாற்றம் இந்திய மொழிகளுக்குப் புதிதன்று. வடமொழி மருத்துவ நூல்களில் 'ஜாங்கலம்' என்பது வறண்ட, திறந்த நிலத்தைக் குறித்தது. நீர்வளமிக்க 'ஆநூபம்' அதற்கு எதிரிணை. இவ்வேறுபாட்டைப் பிரான்சிசு சிம்மர்மன் 1982இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். அதே சொல் இந்தியில் காட்டைக் குறித்து, ஆங்கிலத்தில் 'ஜங்கிள்' ஆகி, இறுதியில் அடர்ந்த ஈரக்காட்டைக் குறிக்கலாயிற்று. வறண்ட வெளியின் பெயர் அதன் எதிரிடையான நிலத்துக்கு ஆயிற்று. வறண்ட வெளியோ தன் பெயரை இழந்தது.

தமிழில் 'காடு' என்னும் சொல் இன்றும் மரச்செறிவை மட்டும் குறிப்பதன்று. சோளக்காடு, பருத்திக்காடு, மேட்டுக்காடு என்னும் வழக்குகளில் அது மானாவாரிப் புன்செய் நிலம். கொங்கு வட்டாரத்தில் காட்டுக்குப் போவது என்பது வயல்வேலைக்குப் போவதே. உயிரினப் பெயர்களும் சான்று பகர்கின்றன. திறந்த புல்நிலத்தில் வாழும் மானுக்கு 'வெளிமான்' என்று பெயர். வறண்ட புல்நிலத்தில் வாழும் பெரும்பறவைக்குக் 'கானமயில்' என்று பெயர். ஒரு பெயரில் 'வெளி'யும் மற்றொன்றில் 'கான'மும் ஏறத்தாழ ஒரே வகை நிலத்தைச் சுட்டுகின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு நேராகக் 'காடு' என்பதை நிறுத்திய எழுத்து நடையே அதன் பரப்பைக் குறுக்கியது எனலாம்.

அவ்வாறாயின் சவன்னாவை 'முல்லை' எனலாமே என்று சிலர் வினவக்கூடும். ஆநிரை மேய்ச்சல், வரகு, சாமை ஆகியவற்றை நோக்க, முல்லைக்கும் சவன்னாவுக்கும் ஒப்புமை உண்டு. எனினும் திணை என்பது நிலத்தோடு பொழுதும் ஒழுக்கமும் இயைந்த இலக்கிய மரபு, அளவீட்டுப் பகுப்பன்று. பாலையே இதற்கு எச்சரிக்கை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் கூறும். பருவத்தால் வந்து நீங்கும் அந்நிலையின் பெயரை நிரந்தர வறள்நிலத்துக்கு இட்டு, அதனோடு 'வன'த்தையும் சேர்த்தோம். அச்சொல் நிலைபெற்றுவிட்டது, அதனை மாற்றுதல் இயலாது. அதே செயலை முல்லைக்கும் செய்ய வேண்டியதில்லை.

இது சொல்லளவில் நிற்கும் வழக்கன்று. 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டின் தரிசுநில நிலப்படத் தொகுப்பிலும் புதர்நிலங்களும் சீர்குலைந்த மேய்ச்சல் நிலங்களும் தரிசு வகைகளாக இடம்பெற்றன. 'சிதைந்த காடு' என்ற பெயரைப் படிப்பவர் அங்கு மரம் நடுவதே மருந்து என்று முடிவு செய்வது இயல்பு. மரங்கள் செறிந்து நிழல் மூடினால் புல் அழியும். புல்லை நம்பிய வெளிமானும் கானமயிலும் மேய்ப்போரும் இடமிழப்பர். கானமயில் 2011 முதல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

எனவே, கலைச்சொல் தொகுப்போர் 'சவன்னா' என்னும் ஒலிபெயர்ப்பையே தலைச்சொல்லாகக் கொண்டு, 'மரம் விரவிய புல்நிலம்' என்பதை அதன் விளக்கமாகத் தருதல் தகும். 'சிதைந்த' என்னும் அடையை, முன்பு அங்குக் காடு இருந்தமைக்குச் சான்று உள்ள இடத்தில் மட்டுமே ஆளுதல் வேண்டும். தோற்றத்தைக் கண்டு பெயரிடுவது எளிது. நிலம் எவ்வாறு இயங்குகிறது என்று கேட்டறிந்து பெயரிடுவதே மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.