தீவின் பேச்சும் பதிப்பாசிரியரின் கத்தரிக்கோலும்

விளிம்புநிலை மக்களின் வாய்மொழி வரலாறுகளைச் சேகரிக்கும் முயற்சிகள் நம்மிடையே பெருகியுள்ளன. நல்லதுதான். ஆனால் யார் பேசுறாங்க, யார் எழுதுறாங்க, யார் வெட்டுறாங்க என்ற கேள்விகளை ஒத்திப்போட்டுவிட்டு இந்த வேலையைச் செய்ய முடியாது என நினைக்கிறேன். அயர்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள பெரிய பிளாஸ்கெட் தீவை முன்வைத்து இதைப் பேசலாம்.

இருநூறு பேருக்கும் குறைவான மீனவர்கள் வாழ்ந்த தீவு. 1928க்கும் 1936க்கும் இடையில் இங்கிருந்து ஐரிஷ் மொழியில் வரிசையாகப் புத்தகங்கள் வந்தன. நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. கைலாசபதியின் ஆய்வுக்கு வழிகாட்டிய மார்க்சியர் ஜார்ஜ் தாம்ஸன் 1923 முதல் இந்தத் தீவுக்குப் போய்வந்தவர். வாய்மொழிக் கவிதை பற்றிய அவரது சிந்தனையில் இந்த மீனவர்களின் பேச்சுக்கும் பங்குண்டு.

தோமாஸ் ஓ கிரோகன் தீவுப் பள்ளியில் படித்தது ஆங்கிலம். தாய்மொழியை எழுதப் படிக்க நடுவயதில்தான் கற்றார். அவரது சுயசரிதையான 'தீவுக்காரன்' (1929) அழிந்துபோன வாழ்வின் ஒப்பாரியாக உலகெங்கும் வாசிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த நாட்குறிப்புகளைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. புகையிலை தீர்ந்துபோனது, சிங்கி இறால் விலை, அடுப்பெரிக்க மலையில் வெட்டும் கரிமண், நடுவே விடுதலைப் போர் பற்றிய வம்பளப்பு. 'இதுல என்னங்க வரலாறு இருக்கு?' எனக் கேட்கலாம். ஒப்பாரிக்கு அடங்காத அன்றாடம் இருக்கிறது. எனக்கு அதுவே வரலாறு.

'தீவுக்காரன்' முதற்பதிப்பில் உடல் சார்ந்த பகடிகளைப் பதிப்பாசிரியர் நீக்கிவிட்டார். அவற்றை மீட்டெடுத்த பதிப்பு 2002இல்தான் வந்தது. ஐரிஷ் மொழியில் எழுதத் தெரியாத பெக் சேயர்ஸ் சொல்லச் சொல்ல அவர் மகன் எழுதினார். அந்த நூல் (1936) பள்ளிப் பாடமாகி, அவரைத் துயரமும் பக்தியுமான மூதாட்டியாகத் தலைமுறைகளின் மனத்தில் உறைய வைத்தது. தேசத்துக்குத் தேவைப்பட்டது கறைபடாத மூதாதை. சிரிக்கிற, கெட்டவார்த்தை பேசுகிற மீனவப் பெண் அந்தக் கதையாடலுக்குள் பொருந்தவில்லை.

மொழியைக் கொண்டாடிய அதே அரசு, மொழியைப் பேசியவர்களுக்கு மருத்துவரைக்கூடத் தரவில்லை. இளைஞர்கள் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். 1947 ஏப்ரலில், புயலில் அடைபட்டுக்கிடக்கிறோம், உணவில்லை என்று டி வலேராவுக்கே தந்தி அடிக்க வேண்டியிருந்தது. 1953 நவம்பரில், எஞ்சியிருந்த சிலரை அரசு கரைக்குக் கொண்டுவந்தது. புத்தகங்கள் அச்சில் இருந்தன, தீவில் ஆளில்லை.

நம் கடற்கரைகளில் ஒலிப்பதிவுக் கருவியோடு நிற்கும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். கேள்வி கேட்டவரின் பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள். எதை வெட்டினோம், ஏன் வெட்டினோம் என்று அதே பக்கத்தில் சொல்லுங்கள். துயரம் வரும்வரை காத்திருந்து கருவியை இயக்காதீர்கள். மீன் விலை பேசும்போதே அது ஓடிக்கொண்டிருக்கட்டும்.