இந்த ‘நீங்கள்’ யார்?

மாலத்தீவுக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவானதும், திட்டம் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான்கு இரவு, ஐந்து பகல். எக்செல்லில் ஒரு பக்கம் திறந்து விமானக் கட்டணம், படகுக் கட்டணம், அறை வாடகை என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தேன். ஏழெட்டு விடுதிகளின் விளம்பரங்களை வாசித்தபிறகு ஒன்று புரிந்தது. எல்லாமே ஒரே ஆளிடம்தான் பேசுகின்றன. நீங்கள் கண் விழிக்கிறீர்கள், திரையை விலக்குகிறீர்கள், எதிரே கடல். நீங்கள் வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்த ‘நீங்கள்’ நான்தான் என்று நம்ப எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அதே வாரம்தான் ஜமைக்கா கின்கெய்டின் ‘எ ஸ்மால் பிளேஸ்’ நூலை வாசித்தேன். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எழுதியவரின் புனைபெயரில்தான் ஜமைக்கா இருக்கிறது. நூல் அவர் பிறந்த கரீபியன் தீவான ஆன்டிகுவாவைப் பற்றியது. 1949இல் பிறந்து, பதின்ம வயதில் நியூயார்க்குக்கு வீட்டுவேலைக்குப் போய், பிறகு எழுத்தாளரானவர். இந்த நூல் நியூ யார்க்கர் இதழுக்காக எழுதப்பட்டு, அங்கே வெளியாகாமல், 1988இல் தனிப் புத்தகமாக வந்தது. எண்பது பக்கத்தைச் சுற்றித்தான் வரும். ஒரே மாலையில் வாசித்துவிடலாம். அதற்கப்புறம் தூக்கம் வருமா என்பது வேறு விஷயம்.

நூலும் விளம்பரத்தைப் போலவேதான் தொடங்குகிறது. நீங்கள் விமானத்தில் வந்து இறங்குகிறீர்கள், வெயில் நன்றாக இருக்கிறது, டாக்ஸியில் ஏறுகிறீர்கள். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் நீங்கள் பார்க்காத ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. மழையில்லாத நல்ல நாட்களுக்காகத்தானே வந்தீர்கள்? இங்கேயே வாழ்கிறவர்களுக்கு அதன் பெயர் வறட்சி. நீங்கள் குளித்த தண்ணீர், நீங்கள் நீந்தும் இதே கடலில் வந்து கலக்கலாம். இந்த ஊர்ச் சாப்பாடு என்று ருசித்துச் சாப்பிடுகிறீர்களே, அதில் பெரும்பகுதி மயாமியிலிருந்து விமானத்தில் வந்தது.

இதைத் தமிழில் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஆங்கிலத்தின் ‘யூ’வுக்கு நம்மிடம் நீ, நீங்கள் என்று பிரிவு இருக்கிறது. கோபமான புத்தகம் என்று கேள்விப்பட்டவர்களுக்கு ‘நீ’ என்று போடத்தான் கை போகும். அது தப்பு என்று நினைக்கிறேன். ‘நீ’ போட்டால் அது தெருச்சண்டை. நாமும் பதிலுக்குக் கத்திவிட்டு நகர்ந்துவிடலாம். கின்கெய்டின் குரல் ரிசப்ஷனில் நின்று சிரிக்கிறவரின் குரல். சாவியைக் கையில் கொடுத்து, அறைக்கு வழிகாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அந்த மரியாதைதான் நம்மை மாட்டவைக்கிறது. ‘நீங்கள்’ இல்லாமல் இந்த நூல் இல்லை.

கோபம் சுற்றுலாப் பயணியோடு நின்றுவிடவில்லை என்பது இதன் இன்னொரு பலம். அவர் வளர்ந்த தெருவுக்கு ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் பெயர். அந்தக் காலனிய வரலாற்றைப் பேசிவிட்டு அப்படியே சொந்த அரசாங்கத்தின் பக்கம் திரும்புகிறார். 1974 நிலநடுக்கத்தில் சேதமான பொது நூலகத்தைப் பற்றிய பகுதிதான் எனக்கு மிகவும் வலித்தது. பழுதுபார்க்கும் பணி நடக்கவிருக்கிறது என்ற அறிவிப்புப் பலகை பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அங்கேயே தொங்குகிறது. ஆன்டிகுவா சுதந்திரம் பெற்றது 1981இல். சுதந்திரம் வந்தது, நூலகம் வரவில்லை.

சரி, இப்போது என் குறைக்கு வருகிறேன். கின்கெய்டின் ‘நீங்கள்’ யாரென்று நூலின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. வட அமெரிக்கர் அல்லது ஐரோப்பியர். வெளிப்படையாகச் சொன்னால் வெள்ளையர். சுங்கத்தில் அவர் பெட்டியை யாரும் திறப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து அட்டைப்பெட்டிகளோடு ஊர் திரும்பும் கறுப்பின ஆன்டிகுவரின் கதை வேறு. இந்த இரண்டு பேரைத்தான் நூல் அந்த விமான நிலையத்தில் பார்க்கிறது. அதை வாசித்ததும் எனக்கு ‘அப்பாடா’ என்றிருந்தது. நான் இரண்டிலும் இல்லை. நம்மையும்தானே ஆண்டார்கள்? என் பெட்டியையும்தானே திறப்பார்கள்? தமிழில் வாசிக்கும் யாருக்கும் இந்தக் கதவு சுலபமாகத் திறக்கும். நூலின் பலவீனம் என்று நான் முதலில் குறித்துவைத்தது இதைத்தான்.

அந்தக் கதவைச் சாத்தியது என் சித்தப்பா. எங்களுக்குத் தூத்துக்குடி. அங்கிருந்து தோணிகளில் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருட்களும் மாலேவுக்குப் போகும். சித்தப்பா அந்தத் தோணிகளில் வருஷக்கணக்கில் போய்வந்தவர்.

“மாலே எப்படி இருந்துச்சு சித்தப்பா?”

“எப்படி இருக்கும்? சரக்க இறக்கணும், திரும்பி வரணும். வெயிலு.”

“கடல் அப்படியே நீலமா இருக்குமாமே?”

“கடல நாங்க பாக்காததா? தண்ணிதாம்ல அங்க கஷ்டம். குடிக்கிறதுக்கு இங்கேருந்தே கொண்டு போயிருவோம்.”

2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்து, தலைநகரமே குடிநீருக்குத் தவித்தது. இந்தியா விமானங்களிலும் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்பியது. என் எக்செல்லில் தண்ணீர் என்று ஒரு கட்டம்கூட இல்லை. நான் தேடிப்பிடித்துவைத்த அறைகளில் பாதிக்குத் தனி நீச்சல்குளம் இருந்தது. கின்கெய்ட் வறட்சியைப் பற்றி எழுதியது யாருக்கு என்று அப்போது விளங்கியது.

மாலத்தீவில் முதல் சுற்றுலா விடுதி வந்தது 1972இல். அதற்குப்பின் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறையிலேயே வளர்ந்தார்கள். பயணிக்கு ஒரு தீவு, ஊர்க்காரருக்கு வேறொரு தீவு. விடுதித் தீவில் மது கிடைக்கும், ஊர்த் தீவில் கிடையாது. 2009க்குப் பிறகு ஊர்த் தீவுகளிலும் சிறிய விருந்தினர் இல்லங்கள் வந்தன. மாஃபுஷி போன்ற இடங்களில் பயணிகளுக்கென்று தனிக் கடற்கரையைப் பிரித்துவைத்திருக்கிறார்கள். ஊர்க்காரரைப் பார்க்காமலே ஊரைப் பார்த்துவிட்டு வரலாம். இதற்கு வெள்ளைத்தோல் தேவையில்லை. முன்பணம் கட்டினால் போதும்.

கின்கெய்டுக்கு இது தெரியாமலில்லை. ஒவ்வோர் ஊர்க்காரருக்குள்ளும் ஒரு சுற்றுலாப் பயணி இருக்கிறார், ஆனால் உலகில் பெரும்பாலான ஊர்க்காரர்களுக்கு எங்கேயும் போக வசதியில்லை என்று முதல் பகுதியை முடிக்கும்போது எழுதுகிறார். சித்தப்பா போனார், ஆனால் பயணியாக அல்ல. வசதி வந்த ஊர்க்காரன் நான். எனக்கு முதல் பக்கத்தில் கிடைத்த விடுதலை, அந்தப் பகுதி முடிவதற்குள் பறிபோய்விட்டது. பலவீனம் என்று எழுதிவைத்ததை அடித்துவிட்டேன்.

“அப்ப போகலையா?” என்றாள் மனைவி.

“போறோம்.”

“பின்ன எதுக்கு இந்தப் புலம்பல்?”

நியாயமான கேள்வி. வராதே என்று இந்த நூல் எங்கேயும் சொல்வதில்லை. நல்ல பயணியாக இருக்கப் பத்து வழிகளும் அதில் இல்லை. இருந்திருந்தால் நான் பத்தையும் முடித்துவிட்டு நிம்மதியாக நீந்தியிருப்பேன். நீச்சல்குளம் இல்லாத அறையாகப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறேன். அதனால் யாருக்கும் ஒரு குடம் தண்ணீர் கூடப்போவதில்லை என்பதும் தெரியும்.

கடைசிப் பத்தியில் ஒரு மாற்றம் நடக்கிறது. அடிமைகள் விடுபட்டபின் மேன்மையானவர்கள் அல்ல, வெறும் மனிதர்கள். எஜமானர்களும் அந்த இடத்தைவிட்டு இறங்கினால் வெறும் மனிதர்கள்தான் என்று நூல் முடிகிறது. அங்கே எஜமானரைக் குறிக்க வரும் ‘யூ’ யாரையும் சுட்டாத பொதுச்சொல். இலக்கணப்படி அதைத் தமிழில் ‘ஒருவர்’ என்று போடலாம், படிக்கவும் சரளமாக இருக்கும். நான் மொழிபெயர்த்தால் அங்கேயும் ‘நீங்கள்’ என்றுதான் போடுவேன். ‘ஒருவர்’ என்றால் மறுபடியும் நான் தப்பித்துவிடுவேன்.