சம்பளம் வேறிடத்தில்

பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளராக இருந்துகொண்டே வாரப் பத்திரிகைகளை ஆண்டவர் சுஜாதா. தி. ஜானகிராமனுக்கு வானொலி, லா.ச.ரா.வுக்கு வங்கி, சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. தமிழ் நவீன இலக்கியத்தின் பெரும்பகுதிக்குச் சோறு போட்டது எழுத்து அல்ல.

எழுத்தையே நம்பி இறங்கியவர்கள் பட்ட பாடு தெரிந்ததே. புதுமைப்பித்தன் பத்திரிகை வேலையிலிருந்து சினிமா வசனத்துக்குப் போனார். 1948இல் காசநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 42. அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டுடியோவை விட்டு வெளியேறி, பிறகு 2017இல் மறையும்வரை பேனாவை நம்பியே வாழ்ந்தார். வசதியாக அல்ல.

ஓரளவு காசு கொடுத்தது தொடர்கதைதான். உடனே எல்லோரும் கல்கியைக் காட்டுவார்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது உண்மை. ஆனால் அது வந்த பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அதன் ஆசிரியரும் அவரே! கூலிக்கு எழுதுகிறவனுக்கு அவர் உதாரணம் ஆகமாட்டார்.

தொடர்கதை நல்ல பயிற்சிக்கூடம். அடுத்த வாரம்வரை வாசகரைக் காக்கவைக்க வேண்டும், வளவளப்புக்கு இடமில்லை. கதை முடிந்த பிறகும் இழுக்கச் சொல்வதும் அதே தொடர்கதைதான். 1980களின் பாக்கெட் நாவல் இந்தக் கணக்கை இன்னும் இறுக்கியது. ராஜேஷ்குமார் 1500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கலாம். பேனாவை வைத்துப் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடிப்பது லேசான காரியமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது: எண்ணிக்கைதான் வருமானம் என்றால், எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்த நேரம் ஏது?

சம்பளக்கார எழுத்தாளருக்கு அந்த நெருக்கடி இல்லை. 'மோகமுள்'ளும் 'சுதேசமித்திர'னில் தொடராக வந்ததுதான்; ஆனால் ஜானகிராமன் வீட்டு அடுப்பு அதை நம்பி எரியவில்லை. அந்த நிதானம் நாவலில் தெரிகிறது.

இந்தச் சுதந்திரத்துக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள் என்பதைத்தான் நாம் பேசுவதில்லை. "அவருக்கென்ன, வேலை இருக்கிறதே" என்று பத்திரிகைகள் சன்மானத்தைத் தள்ளிப்போட்டுப் பழகிவிட்டன. சிற்றிதழ்கள் கேட்கவே கூச்சப்படும்படி செய்தன. வேலையும் சொத்தும் இல்லாத ஒருவர் இந்த இலவசத்தோடு எப்படிப் போட்டி போடுவார்? 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு 10 சதவீத ராயல்டி, 500 பிரதி விற்பனை என்றால் கைக்கு வருவது 10,000 ரூபாய். ஒரு நாவலுக்கு இரண்டு வருட உழைப்பு என்று வைத்தால், மாதம் 420 ரூபாய்கூட இல்லை.

எனவே வேலையை விடாதே என்ற அறிவுரை சரி. இலவசமாக எழுது என்பது தவறு. வேலையில் இருப்பவர்களே முதலில் காசு கேட்க வேண்டும், ஒப்பந்தத்தைத் தாளில் கேட்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, எழுத்தில் கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிக்காத ஒப்பந்தத்துக்கு ஆயுள் 5 ஆண்டுகள்தான்.